ஐம்பதும் அறுபதும்

ஃபூஜி ஆற்றுக்கு இந்தக் கரையில் என் கடை.
பாலம் தாண்டினால் மின்சாரம்
நொடிக்கு அறுபது முறை துடிக்கும். இங்கே ஐம்பது.
எந்தக் காலத்திலோ கிழக்குக்காரன்
ஜெர்மன் இயந்திரம் வாங்கினான்,
மேற்குக்காரன் அமெரிக்க இயந்திரம் வாங்கினான்.
இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.
கணக்குதான் தீரவில்லை.

அக்கரையிலிருந்து குடிவந்த பழைய கடிகாரம்
இக்கரையில் மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும்.
திட்டிக்கொண்டே தூக்கி வருவார்கள்.
அந்தப் பத்து நிமிடங்களில்தான்
நாற்பது வருடம் சோறு தின்றது என் குடும்பம்.

ஜூன் மழையில் மித்சுயோ அம்மாள்
ஒரு டேப் ரிக்கார்டரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தாள்,
குளியல் துண்டு சுற்றி.
நகோயாவில் வாங்கிய பெட்டி. பெல்ட் அறுந்திருந்தது.
உள்ளே அறுபதுக்கான கப்பி.
"கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து
தப்பான வேகத்தில் ஓடியிருக்கிறதே" என்றேன்.
பெல்ட்டோடு கப்பியையும் மாற்றினேன்.
அவள் கேட்கவில்லை. என் பெருமைக்கு.

ஓடவிட்டேன்.
ஒரு பையன். மெலிந்த குரல், அவசரம்:
"கேட்குதா? சிவப்பு விளக்கு எரியுதா?
எரியுதா இல்லையா, சொல்லேன்!"
அப்புறம் நாற்காலி நகரும் சத்தம்.
அம்மாளின் முகம்
வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவளின் முகம்.
"யார் இது?"
"பிரேசிலுக்குக் கப்பலேறிய அண்ணன் என்றீர்களே."
"அண்ணன் நிதானமாகப் பேசுவான்.
அடிவயிற்றிலிருந்து பேசுவான்.
பழையதையே போட்டுவிடுங்கள்."

போட்டேன்.
இருபது வயதுப் பையன்
என் கண்ணெதிரே கிழவனானான்.
அவள் கண்மூடித் தலையாட்டினாள்.
"இவன்தான்."

அக்டோபரில் ஒரு நாள், கடை சாத்தும் நேரம்,
தோளில் பையோடு ஒரு பெரியவர்.
கையில் செத்த போன்.
சார்ஜருக்கு இரண்டு உருண்டைக் கால்.
என் சுவருக்கு இரண்டு தட்டைக் கண்.
"உலகம் முழுக்க ஒரே வெளிச்சம்,
ஓட்டை மட்டும் ஊருக்கொன்று" என்று
ரயில்நிலையத்திலிருந்தே எரிச்சலாக வந்திருக்கிறார்.

காகித ஆலையில் வேலை பார்த்த பிரேசில் பையன்கள்
விட்டுப்போன டப்பாவைக் கவிழ்த்தேன்.
ஒன்று பொருந்தியது.
"வெடித்துவிடாதே?
எங்கள் தெருவில் நூற்றிருபத்தேழு,
மகள் ஊரில் இருநூற்றிருபது.
போன வருடம் ஒரு மிக்ஸியைக் கொன்றேன்."
சார்ஜரின் முதுகில் எறும்பெழுத்து.
படித்துக் காட்டினேன்:
நூறிலிருந்து இருநூற்று நாற்பது வரை,
ஐம்பதோ அறுபதோ, எதுவானாலும்.
எந்த ஊர்த் தண்ணீரும் ஒத்துக்கொள்ளும் வயிறு.

செருகினார். பார்வை போதாமல் குனிந்தார்.
"சிவப்பு விளக்கு எரியுதா?
எரியுதா இல்லையா, சொல்லேன்."

நிதானமாக.
அடிவயிற்றிலிருந்து.

என் கையிலிருந்த திருப்புளி எங்கே விழுந்ததென்று
மறுநாள்தான் தேடினேன்.

தங்கையின் முகவரி போனுக்குள் இருக்கிறதாம்.
கிளம்பும்போது ஏதோ சண்டை,
அறுபது வருடமாகப் புத்தாண்டு அட்டை மட்டும்.
"அட்டைக்குக் குரல் ஏது.
அப்போது எனக்குக் கீச்சுக்குரல்.
கதவுக்கு வெளியே நின்று 'நான்தான்' என்றால்
யாரென்று நினைப்பாள், சொல்லுங்கள்?"

அந்த வீடு எனக்குத் தெரியும்.
ஆலைச் சுவரை ஒட்டி மூன்றாவது சந்து.
உடனே சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை. பதினான்கு சதவீதம் ஏறும்வரை
பருப்புத் தோட்டம், காபி விலை, முழங்கால் என்று
அவரைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
பிறகு குடையை எடுத்துக்கொண்டு
சந்து முனைவரை கூடப் போனேன்.
மழை இல்லை.

அடாப்டரைத் திருப்பித் தரவில்லை அவர்.
சரியான கப்பி இன்னும் என் டிராயரில்.